கட்டளைவரிக் கருவியின் ஆப்ஷன்களை மாற்ற வேண்டியிருக்கிறது: பிறருடைய பழைய ஸ்கிரிப்டுகள் கெடாமல் செய்வது எப்படி?

கேள்வி · எழுத்துமாற்றி

வணக்கம். திஸ்கி, தாப், பாமினி ஆகிய பழைய குறியாக்கங்களில் உள்ள தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் சிறிய கட்டளைவரிக் கருவி ஒன்றை ஏழு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். பைத்தானில் எழுதியது; ஆப்ஷன்களை, அதாவது கட்டளையோடு சேர்த்து எழுதும் விருப்பக் குறிகளை, பிரித்துப் படிக்க அம்மொழியோடு வரும் ஆர்க்பார்ஸ் நூலகத்தைப் பயன்படுத்துகிறேன். என் தந்தையார் தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரைகளை மீட்பதற்காக எனக்கென்று எழுதிக்கொண்ட கருவி என்பதால், ஆப்ஷன்களுக்குப் பெயர் வைத்தபோது பிறரும் அவற்றை எழுதுவார்கள் என்று நினைக்கவே இல்லை. இன்று பழைய சிற்றிதழ்களை மின்னாக்கம் செய்பவர்களும், அச்சகங்களில் தேங்கிக் கிடக்கும் நூல் கோப்புகளை மீட்பவர்களுமாக அறுபது எழுபது பேர் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்கள் அனுப்பும் பிழை அறிக்கைகளைப் பார்த்தால், பாதிப் பேர் கருவியைக் கையால் இயக்குவதில்லை, இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுக்குள் (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு) வைத்திருக்கிறார்கள் என்று தெரிகிறது.

இரண்டாம் பதிப்பில் மூன்று மாற்றங்களைச் செய்ய விரும்புகிறேன்.

முதலாவது, -ஓ என்ற ஆப்ஷன். இப்போது அதற்கு ‘மூலக் கோப்பின் மீதே எழுது’ என்று பொருள். ஓவர்ரைட் என்பதன் முதலெழுத்தாக வைத்தேன். ஆனால் கம்பைலர்கள் முதல், வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை வரை எல்லாவற்றிலும் -ஓ என்றால் வெளியீட்டுக் கோப்பின் பெயர் என்றே மக்கள் பழகியிருக்கிறார்கள். புதிதாக வருபவர்கள் ஒவ்வொருவரும் இதில் தடுக்கி விழுகிறார்கள். ஆகவே -ஓ என்பதை வெளியீட்டுக் கோப்புக்கு மாற்றிவிட நினைக்கிறேன்.

இரண்டாவது, --ஃபான்ட் என்ற பெயர் பொருத்தமற்றது. அது குறிப்பது எழுத்துருவை அல்ல, குறியாக்கத்தை. அதை --என்கோடிங் என மாற்ற வேண்டும். அதோடு, வெளியீடு வெற்று உரையா எச்டிஎம்எல்லா என்று சொல்வதற்கு --ஃபார்மட் என்ற புதிய ஆப்ஷனும் வருகிறது.

மூன்றாவது, --நார்மலைஸ். ‘கொ’ என்பதிலுள்ள துணைக்குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரிந்தும் இருக்கலாம். இந்த ஆப்ஷனைக் கொடுத்தால் எல்லாவற்றையும் ஒன்றாக்கப்பட்ட வடிவத்துக்குக் கொண்டுவரும். இனி என்எஃப்சி (ஒன்றாக்கப்பட்டது), என்எஃப்டி (பிரிக்கப்பட்டது) என இரண்டு வடிவங்களில் எது வேண்டும் என்று கேட்கும் வகையில் அதற்கு ஒரு மதிப்பைச் சேர்க்கவும், யாரும் கேட்காவிட்டாலும் என்எஃப்சியைச் செய்வதையே இயல்பாக வைக்கவும் எண்ணுகிறேன்.

முதன்மைப் பதிப்பெண் ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகிறது என்பதால், எதை வேண்டுமானாலும் மாற்றலாம், மாற்றப் பதிவேட்டில் எழுதிவிட்டால் போதும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அது போதுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1 · பழைய முனையம்

உங்கள் நண்பர் சொல்வது விதிப்படி சரி. ஆனால் பதிப்பெண்ணை மனிதர்கள்தான் படிக்கிறார்கள், ஸ்கிரிப்ட் படிப்பதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிவைத்த பத்து வரி ஸ்கிரிப்ட், கணினியை மறுநிறுவல் செய்த நாளில் உங்கள் புதிய பதிப்பைச் சந்திக்கும். எழுதியவர் அப்போது அங்கே இருக்கமாட்டார். ஆகவே, அந்த ஸ்கிரிப்ட் ஓடும்போது என்ன நடக்கும் என்பதை ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஓடாமல் நின்றால் பாதகமில்லை; யாரோ வந்து பார்த்துச் சரிசெய்வார்கள். நின்றுவிடாமல் ஓடி, வேறொன்றைச் செய்துவிட்டு வெற்றி என்று சொல்லித் திரும்பினால்தான் ஆபத்து.

இந்தக் கேள்வியை உங்கள் -ஓ மீது வைத்துப் பாருங்கள். ஒருவருடைய ஸ்கிரிப்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது என்று கொள்வோம்:

மாற்றி -ஓ முன்னுரை இயல்1 இயல்2

இன்றைய பொருளில், மூன்று கோப்புகளும் மாற்றப்பட்டு அவற்றின் மீதே எழுதப்படும். நீங்கள் திட்டமிடும் பொருளில், இயல்1, இயல்2 இரண்டையும் மாற்றி, வந்ததை முன்னுரை என்ற கோப்பில் எழுத வேண்டும். அதாவது முன்னுரையில் இருந்தது அழிந்துபோகும். இயல்கள் இரண்டும் திஸ்கியிலேயே அப்படியே இருக்கும். கருவி பிழை எதையும் காட்டாது. முடியும்போது கருவி தரும் நிலை எண்ணான எக்ஸிட் கோடும் பூச்சியம், அதாவது வெற்றி. கட்டளையில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, இலக்கணப் பிழையும் இல்லை. எதை வைத்து அவர் கண்டுபிடிப்பார்? வேறெங்கும் பிரதியில்லாத நூலின் கோப்பாக அது இருந்துவிட்டால், திரும்பப் பெற வழியில்லை.

ஆகவே என் உறுதியான கருத்து: ஆப்ஷனை நீக்கலாம், பெயர் மாற்றலாம், ஆனால் வழக்கில் இருந்த ஓர் எழுத்தை எடுத்து அதற்கு வேறு பொருள் கொடுக்கக் கூடாது. -ஓ என்பதை ஓய்வு பெறச் செய்யுங்கள். முதலில் ஒன்றாம் பதிப்பின் வரிசையிலேயே ஒரு சிறு பதிப்பை வெளியிட்டு, அதில் --ஓவர்ரைட், --அவுட்புட் என்ற இரண்டு நீண்ட பெயர்களையும் சேருங்கள். மேலெழுதுவதற்குக் குறும்பெயர் வேண்டுமென்றால் -ஐ பொருத்தம்; உரையைத் திருத்தப் பயன்படும் செட், பெர்ல் இரண்டிலும் கோப்பின் மீதே எழுத அதுதான் வழக்கம். இந்தச் சிறு பதிப்பு மிக முக்கியம், ஏனென்றால் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஒரே பொருளில் ஓடக்கூடிய எழுத்துமுறை ஒன்று இருந்தால்தான், பயனர்கள் தங்கள் ஸ்கிரிப்டை உங்கள் இரண்டாம் பதிப்பு வருவதற்கு முன்பே திருத்திவைக்க முடியும். அது இல்லாவிட்டால், கருவியும் ஸ்கிரிப்டும் ஒரே நாளில் மாற வேண்டியிருக்கும். பத்து கணினிகள் வைத்திருப்பவருக்கு அது நடக்கிற காரியமல்ல. இரண்டாம் பதிப்பில் -ஓ வந்தால் எந்தக் கோப்பையும் தொடாமல் பிழை சொல்லி நிற்கட்டும்.

அடுத்தது, நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று. --ஃபார்மட் என்பது புதிதாகச் சேர்வதுதானே, அதனால் யாருக்கும் பாதிப்பில்லை என்று நினைத்திருப்பீர்கள். ஆர்க்பார்ஸ், நீண்ட ஆப்ஷன்களின் சுருக்கத்தைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும். க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கெட்-ஆப்ட்-லாங்கிலும் இருக்கும் பழக்கம் அது. இன்று --ஃபா என்று எழுதினாலே உங்கள் கருவி அதை --ஃபான்ட் என்று புரிந்துகொள்கிறது. --ஃபார்மட் சேர்ந்த மறுகணம் அதே சுருக்கம் இரண்டுக்கும் பொருந்தி, எதைச் சொல்கிறீர்கள் என்று தெரியவில்லை என்ற பிழையோடு நின்றுவிடும். நீங்கள் ஆவணத்தில் எழுதாத பெயர் ஒன்று ஏழு ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருந்திருக்கலாம்.

பைத்தான் 3.5 முதல் அலவ்-அப்ரெவ் என்ற அமைப்பைப் பொய் என்று வைத்து இந்தச் சுருக்கங்களை நிறுத்தலாம். ஆனால் 3.8க்கு முந்தைய பதிப்புகளில் அப்படி நிறுத்தினால், -விவி என்பதுபோல ஒற்றை எழுத்துகளைச் சேர்த்து எழுதுவதும் சேர்ந்தே நின்றுபோகும் என்பதை மறக்க வேண்டாம். என்னைக் கேட்டால், சுருக்கத்தை நிறுத்துவதோடு, --ஃபா, --ஃபான் போன்று புழக்கத்தில் இருக்கக்கூடிய வடிவங்களை உதவிப் பக்கத்தில் காட்டாத மறைபெயர்களாக நீங்களே பதிவுசெய்துவிடுங்கள். முழுமையாகப் பொருந்தும் பெயரையே நூலகம் முதலில் எடுத்துக்கொள்ளும் என்பதால் குழப்பம் வராது. --ஃபான்ட் என்பதற்கும் இதே வழிதான்: பழைய பெயரை மறைத்துவைத்து, மதிப்பு போய்ச் சேரும் இடத்தை ஒன்றாக வையுங்கள். ஒரே கட்டளையில் --ஃபான்ட் பாமினி என்றும் --என்கோடிங் திஸ்கி என்றும் ஒருவர் எழுதிவிட்டால், கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளாமல் பிழை சொல்லுங்கள். தவறான குறியாக்கத்தில் மாற்றிய உரை படிக்க முடியாத குப்பையாகத்தான் வரும்.

பெயர் மாற்றத்தில், இணையம் வழியே கோப்புகளைப் பெறவும் அனுப்பவும் உதவும் கர்ல் என்ற கருவி நடந்துகொள்ளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். --எஃப்டிபி-எஸ்எஸ்எல் என்ற ஆப்ஷனை 7.20.0 பதிப்பில், 2010இல், --எஸ்எஸ்எல் என்று பெயர் மாற்றினார்கள். பழைய பெயர் அதன் பிறகும் வேலைசெய்கிறது. ஒரு மறைபெயரை வைத்திருக்க ஆகும் செலவு ஒரு வரி நிரல்தான்.

மறுமொழி 2 · இரவுப்பணி

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். --நார்மலைஸ் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

இதுவரை மதிப்பு எதையும் எடுக்காத ஓர் ஆப்ஷனுக்கு, வேண்டுமானால் கொடுக்கலாம் என்ற வகையில் மதிப்பைச் சேர்ப்பது பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆர்க்பார்ஸில் என்-ஆர்க்ஸ் என்ற இடத்தில் கேள்விக்குறியை வைத்தால் முடிந்தது. ஆனால் ‘மாற்றி --நார்மலைஸ் இயல்1’ என்று எழுதியிருப்பவருக்கு என்ன ஆகும்? அடுத்து வரும் இயல்1 என்பதைக் கோப்பின் பெயராக எடுக்காமல் --நார்மலைஸின் மதிப்பாக நூலகம் விழுங்கிவிடும். என்எஃப்சி, என்எஃப்டி இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று நீங்கள் கட்டுப்படுத்தியிருந்தால் பிழை வரும். கட்டுப்படுத்தாவிட்டால், கோப்பே கொடுக்கப்படவில்லை என்று கருதி, கருவி விசைப்பலகையிலிருந்து உரை வருவதற்காகக் காத்துக்கொண்டிருக்கக்கூடும். க்னூ கருவிகளில் இப்படி விருப்பமாக வரும் மதிப்பைச் சமக்குறி இட்டு ஒட்டித்தான் எழுத வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் --கலர் அப்படித்தான் இயங்குகிறது. செட் கட்டளையின் -ஐ பற்றிப் பலருக்கும் தெரிந்திருக்கும்: க்னூ வகையில் காப்புப் பிரதியின் பின்னொட்டை ஒட்டி எழுத வேண்டும், எழுதாமலும் விடலாம், மேக் கணினியில் உள்ள பிஎஸ்டி வகையிலோ அடுத்து வரும் சொல்லையே பின்னொட்டாக எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் ஓடிய ஸ்கிரிப்டை அங்கே கொண்டுபோனவர்கள் இதில் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆகவே --நார்மலைஸைத் தொடாதீர்கள். --நார்மல்-ஃபார்ம் என்பதுபோல மதிப்பைக் கட்டாயமாக எடுக்கும் வேறொரு பெயரை வைத்து, பழைய --நார்மலைஸ் என்பதை அதன் என்எஃப்சி மதிப்புக்குச் சமமாக்கிவிடுங்கள். ஒரே பெயரையே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், குபெர்னெட்டீஸ் என்ற சேவையக மேலாண்மை அமைப்பின் கருவியான குபெக்டில், தன் 1.18 பதிப்பில் --ட்ரை-ரன் (ஒத்திகை மட்டும் பார்க்கும் ஆப்ஷன்) என்பதை மாற்றிய விதத்தைப் பாருங்கள்: சமக்குறியோடு கிளையன்ட், சர்வர் என்ற மதிப்புகள் வந்தன, மதிப்பில்லாமல் எழுதியவர்களுக்குப் பழைய பொருளே எச்சரிக்கையோடு தொடர்ந்தது.

இனி எச்சரிக்கைகள் பற்றி. ‘இந்த ஆப்ஷன் விரைவில் நீக்கப்படும்’ என்ற வரியைச் சேர்ப்பதற்கு முன், அதை யார் படிப்பார்கள் என்று யோசியுங்கள். நான் முன்பு வேலைபார்த்த இடத்தில் ஆவணங்களை மாற்றும் வேலை ஒன்று குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக இயக்கும் கிரானில் இரவு இரண்டு மணிக்கு ஓடும். ஏதாவது அச்சிட்டால் கிரான் அதை அஞ்சலாக அனுப்பும்; நல்லபடி முடிந்தால் எதுவும் வராது. அஞ்சல் வந்தாலே பிரச்சினை என்று காலையில் வந்தவுடன் பார்ப்போம். உள்ளே பயன்படுத்திய ஒரு கருவி தன் புதிய பதிப்பில், பழைய ஆப்ஷனைக் கண்டவுடன் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு எச்சரிக்கை வரி எழுதத் தொடங்கியது. ஆயிரத்துச் சொச்சம் வரிகளோடு தினமும் அஞ்சல் வந்தது. ஸ்கிரிப்டைத் திருத்த அனுமதி வாங்குவதற்குள் இரண்டு வாரம் ஆகிவிட்டது. அதற்குள் எங்களில் ஒருவர் அந்த அஞ்சல்களைத் தனிக் கோப்புறைக்குத் தள்ளும் விதியை வைத்துவிட்டார், பிறகு அது அப்படியே நின்றுவிட்டது. மூன்றாம் மாதம் வட்டில் இடமில்லை என்ற உண்மையான பிழை அதே அஞ்சலில், அந்த ஆயிரம் வரிகளுக்கு நடுவில் வந்தது. ஒன்பது நாள் யாரும் பார்க்கவில்லை. அந்த ஒன்பது நாள் மாற்றங்களையும் மறுபடி செய்தோம்.

அதனால், எச்சரிக்கையை ஓர் ஓட்டத்துக்கு ஒரே ஒரு முறை எழுதுங்கள். வழக்கமான வெளியீட்டில் கலக்காமல் பிழை வெளியீட்டில் எழுதுங்கள். எக்ஸிட் கோடை மாற்றாதீர்கள். அதை அமைதிப்படுத்த ஒரு சூழல் மாறியும் (கட்டளைக்கு வெளியே கணினியில் வைக்கும் அமைப்பு மதிப்பு) கொடுங்கள். அப்போதும் சிலருக்கு உடையும். உரையில் சொற்களைத் தேடும் க்ரெப் கட்டளையின் 3.8 பதிப்பு 2022 செப்டம்பரில் வந்தபோது, ஈக்ரெப், எஃப்க்ரெப் என்ற அதன் பழைய பெயர்களில் அழைத்தால் அவை வழக்கொழிந்தவை என்று பிழை வெளியீட்டில் ஒரு வரி எழுதத் தொடங்கியது. அவை வழக்கொழிகின்றன என்று ஆவணத்தில் 2007 முதலே அறிவித்திருந்தார்கள். ஆனாலும் பிழை வெளியீடு காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள் தோற்றன. சில லினக்ஸ் வழங்கல்கள் அந்த எச்சரிக்கையையே எடுத்துவிட்டுத் தொகுத்தன. பதினைந்து ஆண்டுகள் ஆவணத்தில் இருந்ததை மக்கள் அந்த ஒரு வரிக்குப் பிறகுதான் படித்தார்கள்.

எழுத்துமாற்றி

மிக்க நன்றி. முன்னுரை, இயல்1 எடுத்துக்காட்டைப் படித்தவுடன் என் கணினியில் அதையே செய்து பார்த்தேன். சொன்னபடியே கோப்பு போயிற்று. -ஓ என்பதை மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டேன். --ஃபா என்ற சுருக்கம் பற்றி எனக்குத் தெரியவே தெரியாது. பழைய பிழை அறிக்கைகளைத் தேடியதில், மூவர் தங்கள் கட்டளையை அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. என்எஃப்சியை இயல்பாக்குவது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தேடினால் சொற்கள் கிடைக்காமல் போவதற்கு இரண்டு வடிவங்களும் கலந்து கிடப்பதுதான் காரணம். அதை எப்படிக் கொண்டுவருவது? அடுத்து, --டாஸ் என்றொரு ஆப்ஷன் இருக்கிறது. பழைய கோப்புகளின் கடைசியில் இருந்த ஒரு முடிவுக்குறியை நீக்குவதற்காக வைத்தேன். இப்போது கருவி அதைத் தானாகவே செய்துவிடுவதால் அந்த ஆப்ஷனுக்கு வேலையில்லை. அதையாவது நீக்கலாமா?

மறுமொழி 3 · தொகுப்பாளர்

இரண்டாவதிலிருந்து வருகிறேன். நீக்க வேண்டாம். எந்த வேலையும் செய்யாத ஆப்ஷனாக அதை அப்படியே ஏற்றுக்கொண்டு விட்டுவிடுங்கள்.

மென்பொருள்களைத் தனிப் பெட்டிகளாகக் கட்டி இயக்கும் டாக்கர் கருவியின் லாகின் கட்டளையில் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்க -ஈ என்ற ஆப்ஷன் இருந்தது. அது தேவையற்றதாகிவிட்டதால் 1.11 பதிப்பில் வழக்கொழிந்தது என அறிவித்து, 2017இல் வந்த 17.06 பதிப்பில் நீக்கினார்கள். அறிவிப்பும் கொடுத்தார்கள், அவகாசமும் கொடுத்தார்கள். ஆனால் அமேசானின் ஏடபிள்யூஎஸ் கட்டளைவரிக் கருவியில், டாக்கர் பெட்டிகளைச் சேமித்துவைக்கும் ஈசிஆர் சேவைக்கான கெட்-லாகின் என்ற துணைக்கட்டளை, அப்படியே இயக்கத் தக்க ஒரு முழு டாக்கர் லாகின் கட்டளையை அச்சிட்டுக் கொடுக்கும். அதற்குள் ‘-ஈ நன்’ என்ற சொற்கள் இருந்தன. அந்த வெளியீட்டை வாங்கி ஷெல்லில் உடனே இயக்கும் வரி எத்தனையோ ஸ்கிரிப்டுகளில் இருந்தது. டாக்கரைப் புதுப்பித்தவுடன், -ஈ என்பது தெரியாத ஆப்ஷன் என்ற பிழையோடு அவை எல்லாம் நின்றன; ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு அதில் -ஈ என்ற எழுத்தே தென்படவில்லை. பழைய டாக்கர் வைத்திருப்பவர்களுக்கு அது தேவைப்பட்டதால் அமேசான் தரப்பும் அதை எடுத்துவிட முடியாமல், --நோ-இன்க்ளூட்-ஈமெயில் என்று புதியதோர் ஆப்ஷனைச் சேர்க்க வேண்டியதாயிற்று. பின்னர் கடவுச்சொல்லை மட்டும் அச்சிடும் கெட்-லாகின்-பாஸ்வேர்ட் வந்தது. அமேசான் கருவியின் இரண்டாம் பதிப்பில் பழைய துணைக்கட்டளையே இல்லை. அந்த -ஈ என்பதை டாக்கர் வாங்கி, ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் இவ்வளவு பேருக்கு வேலை வந்திருக்காது.

ஆனால் இதில் ஓர் எல்லை உண்டு. பயனரின் பாதுகாப்புக்காக இருந்த ஆப்ஷனை ஒருபோதும் இப்படி வெறுமையாக்கக் கூடாது. காப்புப் பிரதி எடு என்று அவர் சொல்லி, நீங்கள் அதைக் காதில் வாங்கிக்கொண்டு எடுக்காமல் விட்டால், அது -ஓ விஷயத்தில் சொன்ன அதே ஆபத்து. --டாஸ் அப்படிப்பட்டதல்ல, அது கேட்கும் வேலை எப்படியும் நடந்துவிடுகிறது.

இயல்புநிலையை மாற்றுவது கடினமானது, ஏனென்றால் எதையும் எழுதாதவர்தான் பாதிக்கப்படுகிறார். அவர் கட்டளையில் தேடிப் பிடிக்க ஒரு சொல்லும் இருக்காது. இதில், கணினிக் கட்டமைப்பை நிரல்வழி அமைக்கும் டெராஃபார்ம் என்ற கருவி செய்ததைப் பின்பற்றலாம். அப்ளை கட்டளை கேள்வி கேட்காமல் நேரே மாற்றங்களைச் செய்துகொண்டிருந்தது. கேட்டு ஒப்புதல் பெற்ற பிறகே செய்ய வேண்டும் என்று மாற்ற விரும்பினார்கள். 2017இல் வந்த 0.10 பதிப்பில் -ஆட்டோ-அப்ரூவ் என்ற ஆப்ஷனைச் சேர்த்து, அதன் இயல்பு மதிப்பை ‘ஆம்’ என்று வைத்தார்கள். ஆகவே யாருக்கும் எதுவும் மாறவில்லை. ஆனால் அதை இப்போதே வெளிப்படையாக எழுதிவைத்துக்கொள்ள வழி கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் 0.11 வந்தபோது இயல்பு மதிப்பு ‘இல்லை’ ஆயிற்று. கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கிட் கருவியும், அவற்றை வேறிடத்துக்கு அனுப்பும் தன் புஷ் கட்டளையின் இயல்பை 2.0 பதிப்பில், 2014இல் மாற்றியது. அதற்கு முந்தைய பதிப்புகளிலேயே, அமைப்புக் கோப்பில் எதையும் குறிப்பிடாதவர்களுக்கு மட்டும், இயல்பு மாறப் போகிறது, பழையதே வேண்டுமென்றால் இதை எழுதுங்கள், புதியதை இப்போதே பெற அதை எழுதுங்கள் என்று இரண்டு வழிகளையும் காட்டியது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தவரிடம் மறுபடி கேட்கவில்லை.

உங்களுக்கு இதை இப்படிச் செய்யலாம்: ஒன்றாம் பதிப்பின் கடைசிச் சிறு பதிப்பில் --நார்மல்-ஃபார்ம் என்பதற்கு ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்ற மதிப்பையும் சேர்த்து, அதையே இயல்பாக வையுங்கள். இரண்டாம் பதிப்பில் இயல்பை என்எஃப்சி ஆக்குங்கள். பழைய வெளியீடு அப்படியே வேண்டும் என்பவர்கள் நன் என்று எழுதிவைத்திருப்பார்கள். அது இரண்டு பதிப்பிலும் ஓடும். மாற்றிய கோப்புகளைக் கிட்டில் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு, கண்ணுக்கு ஒரு வேறுபாடும் தெரியாமல் ஆயிரக்கணக்கான வரிகள் மாறியதாகக் காட்டும் என்பதை மாற்றப் பதிவேட்டில் முதல் வரியாக எழுதுங்கள். முனையத்தில் ஒரு வடிவம், குழாய்வழி வேறு கட்டளைக்கு அனுப்பினால் வேறு வடிவம் என்று மட்டும் போய்விடாதீர்கள். எல்எஸ் கட்டளை 2016இல் இடைவெளி உள்ள கோப்புப் பெயர்களுக்கு மேற்கோள் குறி இடத் தொடங்கியபோது, முனையத்தில் மட்டும் அப்படிச் செய்தது சரியான முடிவு, ஏனெனில் அது மனிதக் கண்ணுக்கான அலங்காரம். உங்களுடையது தரவு.

இன்னொன்று. இவை எல்லாவற்றையும் நினைவில் வைத்துக் காப்பாற்ற முடியாது. உங்களுக்கு வந்த பிழை அறிக்கைகளில் பயனர்கள் எழுதிய கட்டளைகள் இருக்கின்றன அல்லவா? அவற்றை அப்படியே, --ஃபா உட்பட, ஒரு சோதனைக் கோப்பில் சேர்த்து, ஒவ்வொன்றும் எந்தக் கோப்பைத் தொடுகிறது, எந்த எக்ஸிட் கோடைத் தருகிறது, வெளியீடு பைட்டுக்குப் பைட் அதேதானா என்று ஒவ்வொரு பதிப்புக்கும் முன் இயக்கிப் பாருங்கள். அந்தக் கோப்பில் வரி சேர்க்கலாம். இருக்கும் வரியைத் திருத்த வேண்டி வந்தால், யாருடைய ஸ்கிரிப்டையோ திருத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி 4 · பழைய முனையம்

சூழல் மாறி பற்றி ஒரு திருத்தம். எச்சரிக்கையை அமைதிப்படுத்த அதைப் பயன்படுத்துவது சரி. ஆனால் ஆப்ஷனின் பொருளையே சூழல் மாறியைக் கொண்டு முடிவுசெய்யும் வழிக்குப் போக வேண்டாம். யூனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் தரத்தின் 2001 பதிப்பு, கோப்பின் பிற்பகுதியைக் காட்டும் டெயில் கட்டளையில் ‘+5’ (ஐந்தாம் வரியிலிருந்து) என்று எழுதும் பழைய முறையைக் கைவிட்டது. +5 என்பது ஒரு கோப்பின் பெயர் என்றாயிற்று. க்னூ கருவிகளும் அதைப் பின்பற்றியபோது, தன்னுள்ளேயே தரவைச் சுமந்துகொண்டு டெயில் மூலம் பிரித்தெடுக்கும் நிறுவல் கோப்புகள் பல, +5 போன்ற பெயரில் ஒரு கோப்பைத் தேடி, கிடைக்கவில்லை என்று நின்றன. பழைய பொருள் வேண்டுவோருக்காக, போசிக்ஸ் பதிப்பெண்ணை 199209 என்று வைக்கும் சூழல் மாறி ஒன்று இருந்தது. அந்த நேரத்துக்கு அது உதவியது. ஆனால் ஒரே கட்டளை என் கணினியில் ஒரு பொருளும் உங்கள் கணினியில் வேறு பொருளும் தந்தது. கட்டளையைப் பார்த்து மட்டும் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாத நிலை வந்தது.

எழுத்துமாற்றி

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். பிழை அறிக்கைகளிலிருந்து முப்பத்தொரு கட்டளைகளை எடுத்துச் சோதனைக் கோப்பாக்கிவிட்டேன். இன்றைய நிரலில் முப்பத்தொன்றும் தேறுகின்றன. 1.9 பதிப்பில் --ஓவர்ரைட், --அவுட்புட், --என்கோடிங், --நார்மல்-ஃபார்ம் நான்கும் வரும், பழையவை அனைத்தும் பழைய பொருளிலேயே ஓடும். குபெர்னெட்டீஸ் தன் கட்டளைவரிக்குப் பன்னிரண்டு மாதமாவது அவகாசம் தருகிறது என்று படித்தேன். நானும் ஓராண்டு விட்டு இரண்டாம் பதிப்பை வெளியிடுகிறேன். பைத்தான் 3.13 முதல் ஆர்க்பார்ஸிலேயே ஓர் ஆப்ஷனை வழக்கொழிந்தது என்று குறிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் என் பயனர்கள் பலரிடம் அதைவிடப் பழைய பைத்தான் இருப்பதால் எச்சரிக்கையை நானே எழுதுகிறேன்.

இரண்டாம் பதிப்பில் -ஓ வந்தால் காட்ட நினைக்கும் செய்தி இது: ‘-ஓ நீக்கப்பட்டது. --ஓவர்ரைட் அல்லது --அவுட்புட் பயன்படுத்தவும்.’

மறுமொழி 5 · இரவுப்பணி

நல்ல செய்தி. ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். இரவில் நின்றுபோன வேலையைக் காலையில் பார்ப்பவர் அந்த ஸ்கிரிப்டை எழுதியவராக இருக்கமாட்டார். இரண்டில் எது என்று அவருக்குத் தெரியாது, பெயரைப் பார்த்து --அவுட்புட் என்று மாற்றிவிட வாய்ப்பு அதிகம். ஆகவே இப்படி எழுதுங்கள்:

‘-ஓ இப்பதிப்பில் இல்லை, எந்தக் கோப்பும் மாற்றப்படவில்லை. 1.x பதிப்புகளில் -ஓ என்பதன் பொருள், கொடுக்கப்பட்ட கோப்புகளின் மீதே எழுதுவது. அதையே செய்ய: மாற்றி --ஓவர்ரைட் முன்னுரை இயல்1 இயல்2’

கடைசியில் வரும் கோப்புப் பெயர்கள், அவர் கட்டளையில் கொடுத்த அதே பெயர்களாக இருக்கட்டும்.